பழைய ரிகம்பன்ட்: வாங்குமுன் பார்ப்பதும் வாங்கியபின் மாற்றுவதும்

சாய்ந்து உட்கார்ந்தபடி ஓட்டும் ரிகம்பன்ட் சைக்கிளைப் புதிதாக வாங்கலாம் என்று கடைக்குப் போகிறவர்களில் பலர் விலையைக் கேட்டதும் திரும்பிவிடுவார்கள். அவர்களுக்கென்றே அமெரிக்காவில் எத்தனையோ வீட்டுக் கார் ஷெட்டுகளில் பழைய வண்டிகள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. முதுகுவலிக்காரர் ஒருவர் ஆசையாக வாங்கியிருப்பார். ஒரு கோடை முழுக்க ஓட்டியிருப்பார். ஏற்றத்தில் மூச்சு வாங்கியதும் கொக்கியில் மாட்டிவிட்டிருப்பார். பெடலில் கீறல் இருக்காது, சட்டத்தில் பெயின்ட் பளபளக்கும், டயர் மட்டும் நின்ற இடத்திலேயே காய்ந்து வெடிப்பு விட்டிருக்கும். இப்படிப்பட்ட வண்டியைத்தான் தேட வேண்டும். தினமும் வேலைக்கு ஓட்டித் தேய்ந்த வண்டி மலிவாகக் கிடைத்தாலும், அதன் செயின் வழியைச் சீராக்கப் போடும் காசில் மிச்சம் பிடித்தது போய்விடும்.

இந்த அத்தியாயத்தில் 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்த அமெரிக்க வண்டிகளைப் பற்றியே பேசுகிறேன். உதாரணத்துக்கு ரான்ஸ் வி-ரெக்ஸை எடுத்துக்கொள்வோம். கான்சஸ் மாநிலத்து ஹேஸ் நகரில், சிறு விமானங்களும் செய்கிற ரான்ஸ் நிறுவனத்தின் வண்டி இது. குரோமோலி எஃகுச் சட்டம். முன்னால் 20 அங்குலச் சக்கரம், பின்னால் பெரும்பாலும் 26. பெடல்கள் முன்சக்கரத்துக்கும் முன்னால் இருக்கும், ஹேண்டில்பார் மடிக்கு மேலே நெஞ்சை நோக்கி வரும். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே தூரம் குறைவு என்பதால் இதைக் குட்டை வகை என்பார்கள். கலிஃபோர்னியாவின் டூர் ஈஸி போன்றவை நெட்டை வகை. அவற்றில் முன்சக்கரம் பெடலைத் தாண்டி வெகுதூரம் முன்னால் போய்விடும்.

எந்த வகையானாலும் ஒரு சிக்கல் பொது: உதிரிபாகம். அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1933 ஜூலை 7-ஆம் தேதி பாரிஸில், ஷார்ல் மோஷே வடிவமைத்த படுக்கைச் சைக்கிளில் ஃபிரான்சிஸ் ஃபோர் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். ஆஸ்கர் எக் 1914-இல் வைத்த 44.247 கிலோமீட்டர் சாதனை அன்று உடைந்தது. அடுத்த ஆண்டே சர்வதேசச் சைக்கிள் சங்கம் இந்த வடிவத்தைப் பந்தயத்திலிருந்து விலக்கிவைத்தது. பந்தயத்தில் இல்லாத வண்டியைப் பெரிய தொழிற்சாலைகள் தொடவில்லை. 1970களில் கலிஃபோர்னியாவிலும் மாசசூசெட்ஸிலும் சிலர் அதை மறுபடி கையிலெடுத்தபோது, ஒவ்வொருவரும் தன் பட்டறையில் தன் இஷ்டப்படி செய்தார்கள். அதனால் ஒருவர் செய்த இருக்கை இன்னொருவர் சட்டத்தில் உட்காராது. போதாக்குறைக்குக் கம்பெனிகளும் மூடிவிட்டன. ஆரிகானின் பைக்-ஈ 2002-லேயே கதவடைத்தது. ஆகவே வாங்குமுன் வண்டியை மனத்தில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சக்கரம், பிரேக், கியர், கிராங்க், செயின் எல்லாம் ஏறக்குறைய எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். அவை கெட்டிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். சட்டம், இருக்கை, ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டு ஆகிய மூன்றும் அந்தக் கம்பெனியுடையவை. இவற்றில் ஒன்று கெட்டிருந்தாலும் வண்டியை விட்டுவிடுங்கள்.

முதலில் அளவு. சுவரோரம் தரையில் உட்கார்ந்து, முதுகும் இடுப்பும் சுவரில் ஒட்டியிருக்கக் காலை நேராக நீட்டுங்கள். சுவரிலிருந்து பாதம் வரை உள்ள தூரம்தான் உங்கள் அளவு. உயரம் எத்தனை அடி என்று விற்பவர் கேட்டால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் ஒரே உயரமுள்ள இருவருக்குக் கால் நீளம் ஒன்றாக இருப்பதில்லை. வண்டியில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும்.

இதைச் சரிசெய்யும் விதம் வண்டிக்கு வண்டி மாறும், அதில் செலவும் அடங்கியிருக்கிறது. வி-ரெக்ஸில் கிராங்க் இருந்த இடத்தில் இருக்கும், இருக்கைதான் சட்டத்தின் மேல் முன்னும் பின்னும் நகரும். ஒரு பிடியைத் தளர்த்தினால் போதும், கணவனும் மனைவியும் ஒரே வண்டியை மாற்றி மாற்றி ஓட்டலாம். வேறு பல வண்டிகளில் இருக்கை நிலையாக இருக்க, கிராங்க் உள்ள முன்குழாய்தான் உள்ளே வெளியே போகும். அது நகர்ந்தால் செயினின் நீளமும் மாறியாக வேண்டும். ஆறடிக்காரரிடமிருந்து ஐந்தடிக்காரர் வாங்கினால் கண்ணிகளைக் கழற்றினால் போதும். மாறி நடந்தால் கண்ணி சேர்க்க வேண்டும். பழைய செயினில் புதுக் கண்ணி சேர்த்தால் அது தனியாகத் துள்ளும். ஆகவே முழுச் செயினுக்கும் காசு எடுத்துவைத்துவிட்டு விலை பேசுங்கள்.

சட்டத்தைப் பார்க்கக் கையில் ஒரு ஈரத்துணியும் டார்ச்சும் எடுத்துப்போங்கள். கிராங்க் பொருந்தும் இடத்தின் பற்றவைப்பு, இருக்கையைத் தாங்கும் கம்பிகள் சட்டத்தில் இணையும் இடம், பின்சக்கரத்தின் அச்சு உட்காரும் பிளவு ஆகியவற்றைத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். அழுக்கு இருக்கும்வரை எல்லாச் சட்டமும் நல்ல சட்டம்தான். பெயின்டில் மயிரிழைபோல ஒரு கோடு தெரிந்து, அதன் ஓரத்தில் துருவின் பழுப்பு கசிந்திருந்தால் அது வெறும் கீறலில்லை. அலுமினியச் சட்டத்தில் துரு காட்டிக்கொடுக்காது. கோட்டின் மேல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டியதுதான். பிறகு ஹேண்டில்பார் தண்டு. ஏறி இறங்க வசதியாக முன்னால் மடங்கும்படி இதில் ஒரு மூட்டு வைத்திருப்பார்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பாரை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மூட்டில் முன்பக்கம் மடங்குவது சரி, பக்கவாட்டில் ஆட்டம் இருக்கக் கூடாது.

இருக்கையின் முதுகு வலைத்துணி. வெயிலில் கிடந்த துணி நிறம் வெளுத்து, கட்டைவிரலால் அழுத்தினால் நொறுங்குகிற மாதிரி சத்தம் கொடுக்கும். துணியை மட்டும் நல்ல தையற்காரரிடம் பழையதை மாதிரியாகக் கொடுத்து, வெயில் தாங்கும் நைலான் வலையில் தைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் குழாய்ச் சட்டம் வளைந்திருந்தால் வேண்டாம்.

டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். 20 அங்குலம் என்பதிலேயே இரண்டு அளவுகள் உண்டு: 406 மில்லிமீட்டர், 451 மில்லிமீட்டர். 16 அங்குலத்தில் 305, 349. ஒன்றின் டயர் இன்னொன்றின் ரிம்மில் ஏறாது. '20 அங்குல டயர் கொடுங்கள்' என்று கேட்டால் கடைக்காரர் தன்னிடம் இருப்பதைக் கொடுத்துவிடுவார். 406 என்றால் கவலையில்லை, பிஎம்எக்ஸ் சைக்கிளிலும் மடக்குச் சைக்கிள்களிலும் அதே அளவு என்பதால் டயர் ஏராளம். 451-க்கு வகை குறைவு.

ஓட்டிப் பார்க்கும்போது, குரங்குப் பெடல் போட்டுக் கற்ற நாளிலிருந்து உங்களுக்குச் சைக்கிள் தெரியும் என்பதை மறந்துவிடுங்கள். லேசான இறக்கத்தில் ஆரம்பியுங்கள். ஒரு பெடலை மேலே தூக்கி வைத்து அதில் காலை ஊன்றுங்கள், மற்றக் கால் தரையில் இருக்கட்டும். முதுகை இருக்கையில் முழுக்கச் சாய்த்துவிட்டு ஒரே அழுத்தில் கிளம்ப வேண்டும். முதுகைத் தூக்கிக்கொண்டு பாரை இறுக்கிப் பிடித்தால் வண்டி பாம்பாக நெளியும். கையைத் தளர்த்தினால் தானே அடங்கும். குட்டை வகையில் மெதுவாகக் குறுக்கே திருப்பும்போது குதிகால் முன்சக்கரத்தில் உரசும். அது வண்டியின் கோளாறு இல்லை, அமைப்பே அப்படித்தான். திருப்பத்தில் மட்டும் பெடலை நிறுத்திக்கொள்ளப் பழகிவிடுவீர்கள். ஆனால் நேராகப் போகும்போது ஒரு பக்கமாக இழுத்தால் ஃபோர்க் வளைந்திருக்கலாம், இல்லை சக்கரத்தில் கோட்டம் இருக்கலாம். கோட்டம் எடுத்துவிடலாம், ஃபோர்க்கை யோசித்துக்கொள்ளுங்கள்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் பட்டியல் போட்டுக்கொண்டு பாகங்களை ஆர்டர் செய்யத் தோன்றும். பாதுகாப்புக்கு வேண்டியதை மட்டும் செய்துவிட்டு நிறுத்துங்கள்: இரண்டு டயர், இரண்டு ட்யூப், பிரேக் கட்டைகள், எல்லாக் கேபிளும். மிச்சத்தை ஒரு மாதம் ஓட்டிய பிறகு யோசிக்கலாம். ரிகம்பன்ட் வேறு தசைகளைக் கேட்கும். பழகும்வரை தொடையும் புட்டமும் வலிக்கும். அந்த நாட்களில் எடுக்கும் முடிவு எல்லாம் வலி எடுக்கும் முடிவு. இருக்கையை மாற்றுவார்கள், கிராங்கை மாற்றுவார்கள், கடைசியில் வண்டியையே விற்றுவிடுவார்கள். அந்த வண்டிதான் உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

கேபிள் மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. கியர் கேபிளின் வெளியுறையையும் பிரேக் கேபிளின் வெளியுறையையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். கியர் உறையில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். பிரேக்கின் இழுவை தாங்காமல் அது பிளந்துகொள்ளலாம். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே கறுப்பாக இருக்கும், வெட்டிய முனையைப் பார்த்தால்தான் தெரியும்.

மாதம் முடிந்தும் போகாத வலிகளுக்குத்தான் மருந்து தேட வேண்டும். புட்டத்தில் வலி நிலைத்தால் இருக்கை அதிகம் நிமிர்ந்திருக்கிறது என்று பொருள். இரண்டு தாங்குகம்பிகளையும் ஒரே அளவு குறைத்து, இருக்கையைப் பின்னால் சாயுங்கள், எடை முதுகுக்குப் பரவும். பாதம் மரத்துப்போனால், காலணியில் பெடலோடு பூட்டும் கிளீட்டைக் குதிகால் பக்கம் தள்ளுங்கள். பூட்டுப் பெடல் இல்லாமலே ஓட்டுகிறீர்கள் என்றால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: மேடுபள்ளத்தில் பாதம் வழுக்கித் தரையில் விழுந்தால், வண்டி முன்னே போகக் கால் இருக்கைக்கு அடியில் இழுபட்டு முறியும். பூட்டுப் பெடலோ, குதிகாலைத் தாங்கும் பட்டையோ ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும். முழங்கால் வலித்தால் குட்டைக் கிராங்க் போடுங்கள். பெரும்பாலான வண்டிகள் 170 அல்லது 175 மில்லிமீட்டர் கிராங்கோடு வரும். 160 அல்லது 155 போட்டால் முழங்கால் மடங்குவது குறையும். கிராங்க் குட்டையானால் அதே கியர் கொஞ்சம் கனமாகத் தெரியும், ஆகவே இந்த வேலையைக் கியர் வேலையோடு சேர்த்தே செய்யுங்கள்.

கியர்தான் இந்த வண்டியில் போடும் காசுக்கு நிறையத் திருப்பித் தரும் இடம். சாதாரணச் சைக்கிளில் ஏற்றம் வந்தால் எழுந்து நின்று உடல் எடையைப் பெடலில் போடுவோம். இதில் எழ முடியாது. இருக்கையில் முதுகை ஊன்றிக் கனமான கியரை உதைக்கலாம், முழங்கால்தான் போகும். இலேசான கியரில் வேகமாகச் சுற்றுவதே வழி. கம்பெனி கொடுத்த கியர் பெரும்பாலும் சாலைச் சைக்கிள்காரர்களின் கணக்குப்படி இருக்கும். முன்னால் மிகச் சிறிய பல்சக்கரத்தில் 30 பல், பின்னால் மிகப் பெரியதில் 32 பல் என்று வைத்துக்கொள்வோம். 26 அங்குலப் பின்சக்கரத்தில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஏறக்குறைய 1.95 மீட்டர் போகும். முன்னால் 24 பல், பின்னால் 34 பல் மாற்றினால் அதே சுற்றுக்கு 1.46 மீட்டர்தான் போகும். ஏற்றத்தில் கால் படும் பாடு கால்வாசி குறைந்துவிட்டது.

24-ஐயும் விடச் சிறியதாகப் போடலாமே என்று கேட்பார்கள். இந்தக் கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றினால் மணிக்கு 5.3 கிலோமீட்டர் வேகம் வரும். நடப்பதைவிடக் கொஞ்சம் கூட. அதற்குக் கீழே இரண்டு சக்கர ரிகம்பன்டை நேராக நிறுத்துவது பெரும்பாலோருக்கு முடியாது. சமநிலை போகும் இடத்துக்குக் கீழே கியர் வைத்து என்ன செய்ய? மூன்று சக்கர ரிகம்பன்டில் அந்தத் தொல்லை இல்லை, எத்தனை சிறிதும் போடலாம்.

கிராங்கில் சிறிய பல்சக்கரத்துக்கான போல்ட்டுகள் 74 மில்லிமீட்டர் வட்டத்தில் அமைந்திருந்தால் 24 பல் நேராகப் பொருந்தும். பழைய மூன்றடுக்குக் கிராங்குகள் பலவற்றில் அப்படித்தான். ஆனால் பின்கியர் மாற்றியின் கொள்ளளவு என்று ஒன்று உண்டு. முன்னால் 52-இலிருந்து 24 வரை, பின்னால் 11-இலிருந்து 34 வரை என்றால் வித்தியாசம் 28-உம் 23-உம் சேர்ந்து 51 பல். நீண்ட கை கொண்ட மலைச் சைக்கிள் மாற்றிகூடச் சுமார் 45 வரைதான் செயினின் தளர்ச்சியை இழுத்துச் சுருட்டும். பெரிய சக்கரத்தை 48 பல் ஆக்கினால் 47 ஆகிவிடும். முன்னும் பின்னும் சிறியதில் ஒரே நேரத்தில் ஓட்டாமல் இருந்தால் சமாளித்துவிடலாம். 48-க்கு 11 என்பதே இறக்கத்தில் போதும் போதும் என்கிற வேகம்.

பின்கியர் மாற்றியைப் புதிதாக வாங்கினால் கைப்பிடியில் உள்ள கியர் திருகியையும் ஒரே இனத்தில் வாங்குங்கள். அந்தக் காலத்து ஸ்ராம் திருகி ஒரு சொடுக்குக்கு இழுக்கும் கேபிள் நீளமும் ஷிமானோவின் நீளமும் வேறு. கலந்து போட்டால் மூன்று கியர் விழும், நான்காவது விழாது, நீங்கள் போல்ட்டைத் திருகிக்கொண்டே இருப்பீர்கள்.

இனி செயின். வி-ரெக்ஸ் போன்ற குட்டை வகைக்குச் சாதாரணச் செயின் இரண்டரை தேவைப்படும், நெட்டை வகைக்கு ஏறக்குறைய மூன்று. நீளம் அதிகம் என்பதால் தேய்மானம் பல கண்ணிகளுக்குப் பகிர்ந்துபோய்ச் செயின் நெடுநாள் உழைக்கும். தேய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். ஸ்கேலின் தொடக்கத்தை ஒரு ஆணியின் நடுவில் வையுங்கள். 12 அங்குலக் கோட்டில் இன்னொரு ஆணியின் நடு சரியாக வந்தால் செயின் புதிது மாதிரி. அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப்போயிருந்தால் மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் பின்பல்சக்கரமும் சேர்ந்தே போயிருக்கும்.

அந்த நீளச் செயின் இருக்கைக்கு அடியில் ஒரு சிறு உருளையில் மடங்கி ஓடுகிறது. இட்லர் என்பார்கள். பழைய ரிகம்பன்ட் 'கரகர' என்று சத்தம் போட்டால் எல்லோரும் செயினுக்கு எண்ணெய் விடுவார்கள். நான் முதலில் இதைத்தான் கழற்றுவேன். பெடலிலிருந்து காலின் மொத்தப் பலமும் பின்சக்கரத்துக்குப் போவது செயினின் மேல்பக்கத்தில். அந்தப் பக்கத்தைத் தாங்கும் உருளை வெறும் பிளாஸ்டிக் பள்ளமாக இருந்தால், செயினின் இரண்டு பக்கத் தகடுகளும் அதில் உரசிக்கொண்டே ஓடும். கழற்றிப் பார்த்தால் பள்ளத்தில் இரண்டு பளபளப்பான தடம் தெரியும், நடுவில் ஒரு முகடு எழும்பியிருக்கும். அந்த முகடு கூர்மையானால் உருளையின் ஆயுள் முடிந்தது. விரலில் மாட்டிச் சுற்றிப் பாருங்கள். பேரிங் மணல் அரைபடுவதுபோல உணர்ந்தால் அதுவும் முடிந்தது.

பல் வைத்த இட்லர் போடுவதுதான் என் கணக்கில் பழைய வண்டிக்குச் செய்யக்கூடிய முதல் தரமான மாற்றம். செயினின் உருளைகள் பற்களில் உட்கார்ந்து எழுந்து போவதால் தகடு உரசாது; உதைக்கும் பலம் வீணாவதும் சத்தமும் குறையும். ஆரிகானின் போர்ட்லாண்டில் டெராசைக்கிள் என்ற சிறு கம்பெனி இந்த உருளைகளுக்கே பெயர் வாங்கியது. வாங்கும்போது, பல்சக்கரம் தன் அச்சில் இடமும் வலமும் கொஞ்சம் நகரும்படி இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் கியர் மாறும்போது செயின் பக்கவாட்டில் நகரும். உருளை கூடவே நகராவிட்டால் பல்லிலிருந்து செயின் ஏறிக் குதிக்கும். திரும்பி வரும் கீழ்ப்பக்கச் செயினில் இழுவை இல்லை, அங்கே பழைய வெற்றுருளையே போதும், காசைச் செலவழிக்காதீர்கள். செயின் பிளாஸ்டிக் குழாய்க்குள் ஓடும் வண்டியானால் குழாயின் இரு முனையையும் சூடாக்கிப் புனல்போல விரித்துவிடுங்கள். கூரான முனையில் செயின் உரசினால் குழாயை மெல்ல மெல்லத் தின்னும்.

கண்ணாடி, விளக்கு, கொடி ஆகியவற்றை ஆடம்பரமாக நினைக்க வேண்டாம். சாய்ந்து உட்கார்ந்தபடி தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது கடினம், ஆகவே இடப்பக்கக் கண்ணாடி இல்லாமல் அமெரிக்கச் சாலையில் இறங்கக் கூடாது.

எடையைக் குறைக்கச் செலவழிப்பதை நான் ஊக்கப்படுத்த மாட்டேன். எஃகுச் சட்ட ரிகம்பன்ட் கனமாகத்தான் இருக்கும்; கார்பன் கைப்பிடி போட்டு மிச்சப்படுத்தும் எடையை ஒரு தண்ணீர்ப் புட்டி ஈடுகட்டிவிடும். அதே காசுக்கு நெட்டை வகையில் முன்னால் பாலிகார்பனேட் காற்றுத்தடுப்பு மாட்டினால் சமதளத்தில் வித்தியாசம் தெரியும், குளிர் காலத்தில் கால் விறைக்காது. காற்று பக்கவாட்டில் அடிக்கும் ஊரில் மட்டும் யோசியுங்கள்.

மின்மோட்டார் போட விரும்புகிறவர்கள் இரண்டு வழியில் போகலாம். சக்கரத்தின் நடுவில் மோட்டார் வைப்பதானால், அச்சு சுழன்று பிளவிலிருந்து கழன்றுவிடாதபடி முறுக்கைத் தாங்கும் தனிக் கைத்தகடு போட வேண்டும். முன்சக்கரத்தில் வைப்பதானால் ஃபோர்க் எஃகாக இருக்க வேண்டும். கிராங்கிலேயே மோட்டார் வைத்தால் கியர் எல்லாம் உதவும், மலைக்கு அதுதான் நல்லது. ஆனால் மோட்டாரின் பலமும் காலின் பலமும் சேர்ந்து அதே செயினிலும் இட்லரிலும் போகும். பழைய பிளாஸ்டிக் உருளையோடு அதைச் செய்யாதீர்கள். உருளையைத் தாங்கும் போல்ட்டையும் கனமானதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கழற்றிய பழைய பாகங்களைத் தூக்கி எறிய வேண்டாம். விற்கும் நாளில், கம்பெனி இருக்கை, கம்பெனி உருளை, பழைய கிராங்க் எல்லாம் ஒரு பெட்டியில் இருந்தால் வாங்குபவர் கூடுதல் விலை கொடுப்பார். தூரப் பயணம் போகும்போது அந்தப் பெட்டியிலிருந்து பழைய உருளையும், செயின் இணைப்புக் கண்ணிகள் இரண்டும் இருக்கைப் பையில் கூடவே வரட்டும். நீளக் கேபிள் ஒன்றும் சுருட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரணக் கேபிள் பல ரிகம்பன்டுகளுக்கு எட்டாது, இருவர் ஓட்டும் டேன்டம் சைக்கிளுக்கு விற்கும் கேபிள்தான் சரிவரும். வழியில் உள்ள சிற்றூர்க் கடையில் அது இருக்காது.